மறுபடியும் முதல் மரத்திலிருந்தா? சர்வைவல் விளையாட்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

பரந்த உலகில் பொருள் சேகரித்து உயிர்பிழைத்திருக்க வேண்டிய திறந்த உலக சர்வைவல் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களையே சுற்றி வந்தன. மரம் வெட்டுவது, கல் உடைப்பது என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கிரைண்ட் எப்போது அலுக்கத் தொடங்குகிறது என்பது ஒன்று. ஆடி முடித்த விளையாட்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கத் தூண்டுவது எது என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் சனிக்கிழமை இரவுகளில் வால்ஹைம் ஆடி வந்தோம். கருங்காடு பகுதியைத் தாண்டும்வரை எல்லோருக்கும் உற்சாகம். சதுப்பு நிலத்தில் இரும்பு தேடத் தொடங்கிய பிறகு ஒருவர் பின் ஒருவராக இருவர் விலகிவிட்டார்கள். "இது விளையாட்டா, கூலி வேலையா?" என்று கேட்கிறார்கள். குறை விளையாட்டிலா, எங்கள் பொறுமையிலா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உங்கள் பொறுமையில் குறை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே நண்பர்கள் எதனால் களைத்தார்கள் என்பது புரியும். வால்ஹைமில் இரும்புத் தலைக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 20 இரும்பு வேண்டும். ஒருவருக்கு 60, நால்வருக்கு 240. மூன்றையும் நான்காம் தரம்வரை உயர்த்த நினைத்தால் ஒருவருக்கே 150 ஆகிவிடும். கிடைக்கும் பழைய இரும்புத் துண்டு ஒவ்வொன்றின் எடை 10. ஒருவர் சுமக்கக்கூடிய எல்லை 300. எடையைக் கூட்டித் தரும் இடுப்புப் பட்டை இல்லாவிட்டால், ஆயுதமோ உணவோ எதுவுமின்றி வந்தாலும் 30 துண்டுகளுக்கு மேல் தூக்க முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் தாவவைக்கும் சாதாரணப் போர்ட்டல் வழியாக உலோகத்தை எடுத்துச்செல்ல விளையாட்டு அனுமதிப்பதில்லை என்பதால் பெரும்பாலும் படகில்தான் ஏற்றியாக வேண்டும். வீடு வந்து சேர்ந்த பிறகும் வேலை முடிவதில்லை. உலை ஒரு துண்டை உருக்க 30 விநாடியும் இரண்டு கரியும் எடுத்துக்கொள்கிறது. ஒரே உலையில் 240 துண்டுகளையும் உருக்க 480 கரியும் இரண்டு மணி நேரமும் ஆகும்.

எண்களை மட்டும் பார்ப்பவர் இதைக் கூலி வேலை என்றுதான் சொல்வார். ஆனால் உங்கள் குழுவின் முதல் இரும்புப் பயணத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கருங்காட்டின் தலைவனான எல்டரை வீழ்த்திப் பெற்ற சாவியோடு சதுப்பு நிலத்தில் கால்வைக்கிறீர்கள். மழை நின்றபாடில்லை, நனைந்த உடம்பில் ஸ்டாமினா என்ற தெம்பு மெதுவாகத்தான் மீள்கிறது. கலங்கிய நீரில் இறங்கினால் அட்டைகள், மேட்டில் ஏறினால் நச்சுக் குமிழிகள். ஒரு வழியாக நிலவறையைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்து, சேற்றுக் குவியலைப் பிக்காசால் கொத்தினால், எலும்பும் தோல் துண்டும் உதிர நடுநடுவே இரும்பும் விழுகிறது. அடுத்த அறையின் இருட்டிலிருந்து டிராகர் என்ற நடைபிணம் எழுந்து வருகிறது. பாதி அறைகள்கூட முடியாத நிலையில் சாப்பிட்ட உணவின் பலன் தீர்ந்துகொண்டிருக்கிறது. கிடைத்ததோடு படகுக்குத் திரும்புவதா, இன்னொரு அறையையும் பார்த்துவிடுவதா? காற்று எதிர்த்திசையில் அடிக்கும்போது விடியும்வரை காத்திருப்பதா, கடற்பாம்பு வந்தாலும் வரட்டும் என்று இரவோடு இரவாகக் கிளம்புவதா? அன்று இரவு நீங்கள் நால்வரும் வாக்குவாதம் செய்திருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வாக்குவாதம்தான் விளையாட்டு. அதைச் சாத்தியமாக்கியது உலோகம் போர்ட்டலில் போகாது என்ற அந்த ஒரே விதி.

ஐந்தாவது பயணத்தில் விதிகள் அப்படியே இருக்கின்றன. முடிவெடுக்க வேண்டிய இடங்கள்தான் தீர்ந்துவிட்டன. எந்தக் கரையில் இறங்குவது, எந்த மருந்தைக் குடித்துவிட்டு உள்ளே போவது, எத்தனை பேர் வாசலில் நிற்பது என்று எல்லாம் தெரிந்துவிட்டது. இன்னும் 100 இரும்பு பாக்கி என்ற எண் மட்டும் மிஞ்சி நிற்கிறது. போதாக்குறைக்கு, ஒருமுறை காலிசெய்த நிலவறையில் இரும்பு மறுபடி வளராது. நால்வராக ஆடுவதற்காகக் குவியல்களும் பெருகாது. தனியாக ஆடுபவருக்கு இரண்டு மூன்று நிலவறைகளில் முடியும் வேலை, நான்கு பேர் கொண்ட குழுவுக்குக் கடலோரம் முழுக்கத் தேடும் வேலையாக நீள்கிறது. உழைப்பு எப்போது கிரைண்டாகிறது என்று கேட்டால், முடிவுகள் தீர்ந்த பிறகும் அளவு தீராமல் நீளும் அந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். இந்த இடத்தில் வால்ஹைம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது என்பது என் கருத்து.

விளையாட்டை உருவாக்கிய ஐயன் கேட், ஸ்வீடனின் ஸ்கோவ்டே நகரைச் சேர்ந்த சிறிய நிறுவனம். 2021 பிப்ரவரியில் முன்னோட்ட வெளியீடாக வந்தபோது குழுவில் இருந்தவர்கள் ஐந்தே பேர். ஐந்து வாரங்களுக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றன. 2023 ஆகஸ்டில் அவர்களே உலக அமைப்புகளை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள். உலகத்தைத் தொடங்கிய பிறகும் அதை மாற்றலாம் என்பதால் உங்கள் பழைய உலகத்தைக் கைவிடத் தேவையில்லை. கிடைக்கும் பொருள்களின் அளவை ஒன்றரை மடங்காகவோ இரண்டு மடங்காகவோ உயர்த்துங்கள்; ஆனால் போர்ட்டல் தடையை நீக்காதீர்கள். முதல் மாற்றம் ஐந்தாவது, ஆறாவது பயணங்களை மிச்சப்படுத்தும். இரண்டாவதோ முதல் பயணத்தையே இல்லாமல் ஆக்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நால்வரும் இரும்புக் கவசத்தை நான்காம் தரம்வரை உயர்த்தியே தீர வேண்டும் என்று விளையாட்டு கேட்கவில்லை. சதுப்பு நிலத்தின் தலைவனான போன்மாஸ் மொத்தையான ஆயுதங்களின் அடிக்குத்தான் தளர்வான். ஆகவே ஒருவரோ இருவரோ நல்ல கதாயுதம் வைத்திருந்தால் போதும். அவனை முடித்த பிறகு மலைக்குப் போய் வெள்ளி எடுக்க இரும்புப் பிக்காசு வேண்டும், அதற்கு 20 இரும்பு. வெள்ளி கைக்கு வந்ததும் ஓநாய்த் தோல் கவசம் இரும்புக் கவசத்தை ஓரங்கட்டிவிடும். எல்லாவற்றையும் முழுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்த நிலத்துக்கு நகர வேண்டும் என்ற பழக்கத்தால் தாங்களே கிரைண்டை வரவழைத்துக்கொண்ட குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விலகிய நண்பர்களைக் கூப்பிட்டு, அடுத்த சனிக்கிழமை போன்மாஸை அடிக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பொருள் கிடைக்கும் அளவை உயர்த்துவது ஏமாற்று வேலை இல்லையா? (விருதுநகர் வாசகர்)

பதில்: இல்லை. பிறரோடு போட்டியிட்டுத் தரவரிசையில் ஏறும் சர்வரில் நீங்கள் மட்டும் உயர்த்திக்கொண்டால் அது ஏமாற்று. உங்கள் சொந்த உலகத்தில், உருவாக்கியவர்களே மெனுவில் வைத்திருக்கும் அமைப்பை மாற்றுவதில் என்ன பிழை இருக்க முடியும்? ஆர்க் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கி வீழ்த்திய டைனோசரை உணவூட்டிப் பழக்குவதற்கும் அதன் குட்டியை வளர்ப்பதற்கும் அதிகாரபூர்வ சர்வர்களில் ஆகும் நேரம், ஒரு பெரிய குழு முறைவைத்துக் காவல் இருப்பதற்கு ஏற்றபடி நிர்ணயிக்கப்பட்டது. தனியாக ஆடும் ஒருவர் அதே வேகத்தில்தான் ஆட வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒரே ஒரு யோசனை: ஒரேயடியாகப் பத்து மடங்கு உயர்த்தாதீர்கள். முதல் நாளிலேயே எல்லாம் கிடைத்துவிட்டால் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே போய்விடும்.

கேள்வி: மைன்கிராஃப்டில் வைரக் கவசம் முழுவதையும் செய்து முடித்ததும் அந்த உலகத்தை விட்டுவிட்டு உலகத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் வேறு சீடு எண்ணில் புதிய உலகம் தொடங்குகிறேன். எண்ணிலடங்காத உலகங்கள் இருந்தும் எனக்கு ஒரே ஆட்டத்தைத் திரும்ப ஆடுவதுபோல் இருக்கிறது. ஏன்? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: ஒரே ஆட்டத்தைத்தான் திரும்ப ஆடுகிறீர்கள். சீடு மாறினால் மலையும் ஆறும் கிராமமும் இடம் மாறுகின்றன. உங்கள் தேவைகளின் வரிசை மாறுவதில்லை. மரம், மரப் பிக்காசு, கல், கல் பிக்காசு, இரும்பு, பிறகு வைரம். முழுக் கவசத்துக்கு 24 வைரம். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு, வைரம் மிகுதியாக இருப்பது உலகத்தின் அடித்தளத்தை ஒட்டி, ஏறத்தாழ மைனஸ் 59 என்ற மட்டத்தில். நீங்கள் பனிப்பிரதேசத்தில் தொடங்கினாலும் பாலைவனத்தில் தொடங்கினாலும் விடை அந்த மட்டம்தான். நேராகக் கீழே இறங்கி, சுரங்கம் வெட்டிக்கொண்டே போனால் வைரம் கிடைத்துவிடும் என்று ஒருவருக்குத் தெரிந்த பிறகு, மேலே இருக்கும் நிலப்பரப்பு அவருக்கு வெறும் காட்சியாகிவிடுகிறது.

இதே உண்மை இன்னும் பெரிய அளவில் வெளிப்பட்டது நோ மேன்ஸ் ஸ்கை விளையாட்டில். இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் 2016 ஆகஸ்டில் அதை வெளியிட்டபோது கோள்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி. ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து ஆடினாலும் அதில் ஒரு துளியைக்கூடப் பார்க்க முடியாது. அப்படியிருந்தும் சில கோள்களுக்குள்ளேயே சலித்துவிட்டது என்று அன்று பலர் புகார் செய்தார்கள். வானத்தின் நிறமும் விலங்கின் வடிவமும் மாறினாலும் இறங்கியவர் செய்த வேலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததுதான் காரணம். அந்த நிறுவனம் சோர்ந்துவிடாமல் ஆண்டுதோறும் இலவசமாகப் புதுப்பித்து, தளம் கட்டுவது, 2018-இல் பலர் சேர்ந்து ஆடுவது, 2022-இல் கடினத்தை விரும்பியபடி அமைப்பது என்று சேர்த்துக்கொண்டே வந்ததை மனமாரப் பாராட்ட வேண்டும். விளையாட்டை மீட்டவை கூடுதல் கோள்களல்ல, கோள்களில் செய்வதற்குக் கிடைத்த கூடுதல் வேலைகள்.

உங்களுக்கு நான் சொல்வது: அடுத்த உலகத்தில் சீடை மாற்றுவதோடு ஒரு கட்டுப்பாட்டையும் மாற்றுங்கள். சுரங்கம் வெட்டுவதில்லை, இயற்கையாக அமைந்த குகைகளில் கிடைப்பதை மட்டுமே எடுப்பேன் என்று வைத்துக்கொண்டால், வைரத்துக்காக இருட்டில் இறங்க வேண்டியிருக்கும், வழி தவறும், டார்ச்சைக் கணக்காகச் செலவழிக்க வேண்டிவரும். ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால் எதைத் தூக்கிச் செல்வது என்ற கேள்வி ஒவ்வொரு காலையும் எழும். பாலைவனத்தை விட்டு வெளியே போகாமல் ஆடிப் பாருங்கள். மரம் என்ற சாதாரணப் பொருள் அங்கே எத்தனை அருமையானது என்பதையும், கைவிடப்பட்ட சுரங்கத்தின் மரத்தூண்களைக் கண்டதும் வரும் மகிழ்ச்சியையும் வேறு எப்படியும் உணர முடியாது. ஒரே உயிர் மட்டும் தரும் ஹார்ட்கோர் முறையும் உண்டு. ஆனால் பழக்கமான வழியிலேயே இன்னும் பயந்து பயந்து நடப்பதாக அது பலருக்கு முடிந்துவிடுகிறது. ஆகவே அதை இரண்டாவதாகத்தான் பரிந்துரைப்பேன்.

வைரக் கவசத்தோடு உலகத்தைக் கைவிடுவதும் அவசியமில்லை. ஒரே உலகத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் அதன் பிறகுதான் தொடங்குகிறார்கள். இரும்பு தேடிக் குகைக்குள் போவதை நிறுத்திவிட்டு, கிராமவாசிகளைக் குடியமர்த்தி, அயர்ன் கோலம் என்ற இரும்பு மனிதன் தோன்றி விழுந்து இரும்பு தானாகப் பெட்டியில் சேரும்படி ஒரு பண்ணை கட்டுவது அதில் முதல் படி. கிரைண்டை ஒழிக்கும் கருவியை நாமே கட்டுவதுபோன்ற திருப்தி மைன்கிராஃப்டில் வேறு எதிலும் இல்லை.

கேள்வி: எனக்கு கிரைண்ட் பிடித்திருக்கிறது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் மரம் வெட்டிக் கல் அடுக்கினால் மனம் அடங்குகிறது. மற்றவர்கள் சலிப்பு என்று சொல்வதைக் கேட்டால் என்னிடம்தான் ஏதோ கோளாறோ என்று தோன்றுகிறது. (பாண்டிச்சேரி வாசகி)

பதில்: எந்தக் கோளாறும் இல்லை. பூக்கட்டும் கைகளைக் கவனித்திருப்பீர்கள். விரல்கள் தாமாக முடிச்சுப் போட, வாய் பேசிக்கொண்டிருக்கும், மனம் வேறெங்கோ ஓய்வெடுக்கும். பழகிய வேலையைத் திரும்பச் செய்வதில் அப்படி ஒரு நிம்மதி உண்டு. மேலே கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்னது, முன்னேறிச் செல்ல நினைப்பவரைக் கட்டாயப்படுத்தும் உழைப்பைப் பற்றியது. நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் உழைப்பு வேறு. எப்போது எழுந்து போக நினைத்தாலும் எழுந்து போக முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் நஷ்டம் என்று விளையாட்டு பயமுறுத்தத் தொடங்கினால் அந்த நிம்மதி போய்விடும்.

கேள்வி: மாறாத வரைபடம் கொண்ட விளையாட்டை ஒருமுறைதான் ஆட முடியும், தற்செயலாக உருவாகும் உலகம் கொண்ட விளையாட்டுக்குத்தான் ஆயுள் அதிகம் என்று என் தம்பி வாதிடுகிறான். சரியா? (சேலம் வாசகர்)

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. அவருக்குச் சாதகமான சான்று சப்நாட்டிகா. 2018 ஜனவரியில் வெளிவந்த அந்த விளையாட்டின் கடல் முழுவதும் கையால் வடிவமைக்கப்பட்டது. முதல் முறை, சீமாத் என்ற சிறு நீர்மூழ்கியின் விளக்கு எட்டாத ஆழத்திலிருந்து எதோ ஒன்று உறுமுவதைக் கேட்டு மேலே ஓடிவந்தவருக்கு, இரண்டாம் முறை அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் விலகிப் போனால் போதும் என்பது தெரியும். அறியாமையே அதன் பெரிய செல்வம். அது ஒருமுறை செலவழிந்தால் செலவழிந்ததுதான். அதனால் சப்நாட்டிகா எனக்குக் கொஞ்சமும் தாழ்ந்துவிடவில்லை. ஒரே முறை ஆடி, அந்த ஒரு முறையை நெடுங்காலம் நினைத்திருக்கவைக்கும் விளையாட்டுகளும் வேண்டும். மறுபடி ஆட விரும்பினால் சில ஆண்டுகள் விட்டு, வழிகள் மறந்த பிறகு ஆடுவது நல்லது.

எதிர்ச் சான்று த லாங் டார்க். கனடாவின் ஹின்டர்லேண்ட் நிறுவனத்தின் இந்தப் பனிப்பிரதேச விளையாட்டிலும் வரைபடங்கள் மாறுவதில்லை. மிஸ்டரி லேக் பகுதியில் ஏரிக்கரை முகாம் அலுவலகம் எங்கே இருந்ததோ அங்கேயேதான் எப்போதும் இருக்கும். மாறுபவை உள்ளே கிடைக்கும் பொருள்களும் வானிலையும், எந்த இடத்தில் எந்த நிலையில் தொடங்குகிறீர்கள் என்பதும்தான். சர்வைவல் முறையில் செத்தால் வழக்கமாக அந்த ஆட்டம் அழிக்கப்பட்டுவிடும். பழைய சேமிப்பிலிருந்து மீள வழியில்லை. இந்த நிலையில், முகாம் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது சலிப்பைத் தராது. அதுதான் உங்களிடம் இருக்கும் மிகப்பெரிய ஆயுதம்.

இன்டர்லோப்பர் என்ற கடினமான நிலையில் அதை எடுத்துக் காட்டுகிறேன். அங்கே துப்பாக்கி எங்கும் கிடைக்காது. கத்தியும் கோடரியும்கூடக் கிடைக்காது; பட்டறை உலையில் நீங்களேதான் அடித்துச் செய்ய வேண்டும். உலைகளோ ஃபார்லார்ன் மஸ்கெக் சதுப்பில் இருக்கும் பழைய பண்ணை வீடு, டெசலேஷன் பாயின்டில் தரைதட்டிய கப்பல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கின்றன. கனமான சுத்தியல், நிலக்கரி, பழைய இரும்பு மூன்றையும் சேர்த்துக்கொண்டு, குளிர் நாளுக்கு நாள் கூடிவரும் உலகில் அங்கே போய்ச் சேர வேண்டும். கையில் எட்டு தீக்குச்சிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பனிப்புயல் தொடங்குகிறது. பக்கத்தில் ஒரு குகை உண்டு என்று போன ஆட்டத்திலிருந்து நினைவிருக்கிறது; ஆனால் அங்கே விறகு கிடக்குமா என்று தெரியாது. ஒரு குச்சியைச் செலவழித்து இங்கேயே தீமூட்டுவதா, உடம்பின் சூட்டை நம்பிக் குகைக்கு நடப்பதா? வரைபடம் பழையது, இந்தக் கேள்வி புதியது. முடிவுகள் மாறினால் மாறாத வரைபடமும் நீண்டநாள் தாங்கும் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

டோன்ட் ஸ்டார்வ் இன்னொரு வழியைக் காட்டுகிறது. 2013-இல் வந்த அதில் உலகமும் மாறுகிறது, ஆடும் ஆளும் மாறுகிறார். விக்ஃப்ரிட் என்ற பாத்திரம் இறைச்சியைத் தவிர எதையும் சாப்பிட மாட்டாள் என்பதால், வில்சன் என்ற பாத்திரமாக ஆடும்போது உங்களைக் காப்பாற்றிய பெர்ரிச் செடிகளுக்கு அவள் ஆட்டத்தில் வேலையில்லை. முதல் நாளிலிருந்தே வேட்டைக்குப் போக வேண்டும். டபிள்யூஎக்ஸ்-78 என்ற இயந்திர மனிதன் கெட்டுப்போன உணவையும் சாப்பிடுவான், ஆனால் மழை அவனை வருத்தும். ஒரே ஒரு விலக்கு எத்தனை முடிவுகளைப் புரட்டிப் போடுகிறது பாருங்கள்.

கேள்வி: வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. நண்பர்கள் ரஸ்ட் ஆட அழைக்கிறார்கள். போகலாமா? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம் என்பேன். பலர் ஒரே சர்வரில் மோதிக்கொள்ளும் ரஸ்ட் அருமையான விளையாட்டு. ஆனால் உங்கள் நேரத்துக்கு ஏற்றதல்ல. நீங்கள் வெளியேறினாலும் உங்கள் உடல் அந்த உலகத்தில் தூங்கியபடி கிடக்கும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் வீட்டை உடைத்துக் கொள்ளையடித்துப் போவார்கள். உடைக்க யாரும் வராவிட்டாலும், பராமரிப்புக்கான மரமும் கல்லும் வைக்காத வீடு தானாகச் சிதையும். மாதத்தின் முதல் வியாழக்கிழமை வரும் பெரிய புதுப்பிப்போடு சர்வர்களின் வரைபடங்கள் துடைக்கப்பட்டு, எல்லோரும் மறுபடி ஒரு கல்லோடும் டார்ச்சோடும் கடற்கரையில் கண்விழிப்பார்கள். அந்த விளையாட்டின் உயிரே இதுதான். மறு ஆட்டத்தைச் சுவையாக்குவது அங்கே பொருள்களல்ல, பக்கத்தில் யார் குடியேறுகிறார்கள் என்பது. வாரத்தில் மூன்று மணி நேரம் வருபவர் அதில் கொள்ளைபோகும் பங்கை மட்டுமே ஏற்க வேண்டியிருக்கும்.

நீங்கள் இல்லாதபோது நகராமல் நிற்கும் உலகத்தைத் தேர்ந்தெடுங்கள். டெர்ராரியாவில் சிறிய அளவு உலகம் உங்கள் நேரத்துக்குப் பொருந்தும். நண்பர்களோடுதான் ஆட வேண்டுமென்றால் பால்வேர்ல்ட் பார்க்கலாம். சேகரிக்கும் வேலையில் பெரும்பகுதியை நீங்கள் பிடித்து வளர்க்கும் 'பால்' என்ற உயிரினங்களே தளத்தில் செய்துவிடும், முட்டை பொரியும் நேரம் முதலான பலவற்றையும் சொந்த உலகத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் செல்போனில் இலவச சர்வைவல் விளையாட்டு ஒன்றை ஆடுகிறான். சக்தி தீர்ந்துவிட்டது, பொருள்களை வாங்கப் பணம் வேண்டும் என்று கேட்கிறான். இவையெல்லாம் ஒரே வகைதானா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வேறு. காசு கொடுத்து ஒருமுறை வாங்கும் விளையாட்டில் கிரைண்ட் நீண்டுபோனால் அது வடிவமைத்தவரின் கணக்குப் பிழையாக இருக்கலாம். அதனால் அவருக்கு லாபமில்லை. சக்தி என்ற ஒரு அளவை வைத்து, அது தீர்ந்ததும் மணிக்கணக்கில் காத்திரு அல்லது பணம் கட்டு என்று சொல்லும் விளையாட்டிலோ, காத்திருப்பைத் தாங்க முடியாமல் ஆக்குவதே வருமானத்துக்கு வழி. அங்கே சலிப்பு திட்டமிட்டு வைக்கப்படுகிறது. இதைக் குழந்தையைத் திட்டாமல் அவனுக்கே விளக்கிச் சொல்லுங்கள்; பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும். செல்போனின் ஆப் ஸ்டோர் அமைப்பில், வாங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். சில மாதங்கள் அவன் கேட்கும் தொகையைக் கூட்டிப் பார்த்தால், அதே செல்போனில் ஓடும் மைன்கிராஃப்டை ஒருமுறை வாங்கிக் கொடுப்பது மலிவாக இருக்கும். வாங்கிக் கொடுத்தபின், மார்க்கெட்பிளேஸ் என்ற கடை அதற்குள்ளும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அதில் எதையும் வாங்காமலே முழு விளையாட்டையும் ஆடலாம்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் சிறிய சர்வைவல் விளையாட்டு ஒன்றைச் செய்துவருகிறேன். கல் சுவர் ஒன்றுக்கு 50 கல் என்று வைத்திருக்கிறேன். ஆடிப் பார்த்த நண்பர்கள் முதல் வீடு கட்டுவதற்குள் விட்டுவிடுகிறார்கள். 20 என்று குறைத்தால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சரியான எண் எது? (திருச்சி வாசகர்)

பதில்: எண்ணைத் தேடுவதற்கு முன், அந்தக் கல்லை எடுக்கப் போகும் வழியில் ஆடுபவர் என்னென்ன முடிவெடுக்கிறார் என்று எழுதிப் பாருங்கள். கல் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆபத்தில்லாத இடத்தில், எப்போதும் கிடைக்கும் என்றால் 20-உம் அதிகம். கல் இருக்கும் பள்ளத்தாக்கில் இரவில் ஓநாய் வரும், பையில் 15 கல்தான் கொள்ளும், கோடை முடிந்தால் பாதை பனியில் மூடும் என்றெல்லாம் இருந்தால் 50 தாங்கும்.

ஒரே பொருளை எடுக்கும் முறை விளையாட்டு நெடுக ஒன்றாகவே இருக்கக்கூடாது. தொழிற்சாலை கட்டும் விளையாட்டான ஃபேக்டோரியோவில் முதல் தாதுவைக் கையால் வெட்டுகிறீர்கள், அடுத்து துளைக்கும் இயந்திரம் வைக்கிறீர்கள், அடுத்து பெல்ட்டில் ஓடவிடுகிறீர்கள். தேவையான அளவு பல்லாயிரமாக உயர்ந்த பிறகும் கை வலிப்பதில்லை. உங்கள் விளையாட்டிலும் கல் வெட்டுவதை ஆடுபவர் நன்கு பழகிவிட்ட கட்டத்தில் அந்த வேலையை வேறொருவரிடமோ ஒரு கருவியிடமோ ஒப்படைக்க வழி கொடுங்கள். பிறகு அவரிடம் உலோகம் கேளுங்கள்.

மறுபடி ஆடவைப்பதற்கு, நீங்கள் திட்டமிட்டிருப்பதாகக் கடிதத்தில் எழுதியுள்ள பெரிய வரைபடம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு மாணவர் தனியாகச் செய்யும் விளையாட்டில் பெரிய வரைபடம் என்பது வெற்று நடையாகவே முடியும். அதைவிடத் தொடக்க நிலையை மாற்றுங்கள். ப்ராஜெக்ட் ஸாம்பாய்டில், கிட்டப்பார்வை, அதிகப் பசி போன்ற குறைகளை ஏற்றுக்கொண்டால் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து நல்ல குணங்களை வாங்கலாம். இப்படி ஒரு பட்டியலை எழுதுவதற்குச் சில நாள்கள் போதும். ஒவ்வொரு சேர்க்கையும் வேறு ஆட்டமாக அமையும். இன்னொன்று, நடுவில் உலகத்தையே மாற்றுவது. டெர்ராரியாவில் வால் ஆஃப் ஃபிளெஷ் என்ற பெரிய எதிரியை வீழ்த்தியதும் அதே உலகம் ஹார்ட்மோடு என்ற கடினமான கட்டமாக மாறி, பழகிய நிலங்களில் புதிய எதிரிகளும் புதிய தாதுக்களும் வந்துவிடுகின்றன. வரைபடத்தைப் பெரிதாக்காமலே அதை இன்னொரு முறை நடக்கவைத்துவிட்டார்கள்.

இப்போதைக்கு முதல் வீட்டின் சுவருக்கு 10 கல் வையுங்கள், இரண்டாம் கட்டத்தில் வரும் கோட்டைச் சுவருக்கு அந்த 50-ஐ நகர்த்துங்கள். பிறகு அதே நண்பர்களை அழைத்து, நீங்கள் எதுவும் பேசாமல் பின்னால் நின்று, எந்த நிமிடத்தில் அவர்கள் கை செல்போனைத் தேடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளோடு அடுத்த கடிதம் எழுதினால், ஓநாய்களை எங்கே விடுவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.